நாலாவது உம்

கதை சொல்ல வந்திருக்கிறேன். அந்த அதிரசத் தட்டை எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி நடுவில் வையுங்கள். நான் கொஞ்சம் கோபக்காரன். இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தக் கோபம் இன்னும் ஏறும், அதற்கு நான் பொறுப்பில்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் உம் கொட்ட வேண்டும். கொட்டுவீர்கள் அல்லவா? எங்கே, ஒரு உம்!

நல்லது.

முன்னொரு காலத்திலே, கழுதை பேசினால் யாரும் ஆச்சரியப்படாத காலத்திலே, ஏரிமங்கலம் என்று ஒரு தலைநகரம் இருந்தது. ஊருக்குக் கிழக்கே பெரிய ஏரி. ஏரிக்கரையிலிருந்து அரண்மனை வாசல் வரை சாலையின் இரண்டு பக்கமும் புளியும் புங்கனும் பூவரசும் வரிசையாக நின்றன. உச்சி வெயிலிலும் கால் சுடாமல் நடக்கலாம்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எது பேசினாலும் எதிரில் இருப்பவர் உம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. மாப்பிள்ளை வீட்டார் பேசும்போது உம் சொல்லாமல் கொட்டாவி விட்டதற்காக நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. சில வீடுகளில் மாடு கத்தினால்கூட உம் சொல்லிவிட்டுத்தான் புல் போடுவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நல்ல மனிதர்களைத்தானே அயோக்கியர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள்?

அரண்மனை வாசலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவள் அஞ்சலை. ஓலையும் எழுத்தாணியும்தான் அவள் தொழில். அந்த அரசவையில் மனுவைக் கொண்டுவந்தவரே தம் வாயால் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பேச முடியாதவர் வந்தால், மன்னரே எழுந்து நின்று அந்த மனுவை உரக்கப் படிக்க வேண்டும். இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் துணி வெளுக்கிற மாடத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அஞ்சலையக்கா, ராசாவோட யானை எங்க துறையில வந்து குளிக்குது. வெளுத்த துணியெல்லாம் சேறு. அந்த யானையை அடிச்சு வெரட்டணும்னு எழுதுக்கா!"

யார் வந்தாலும் அஞ்சலை மூன்று கேள்வி கேட்பாள். மாடத்தியையும் கேட்டாள்.

"யாருகிட்ட கேக்குற? என்ன கேக்குற? கேட்டது கெடைச்சா யாருக்கு என்ன குறையும்?"

"ராசாகிட்ட கேக்குறேன். துறை எங்களுக்கு வேணும். யானைக்குக் குளிக்க எடம் குறையும்."

"அப்ப யானைக்கு ஒரு எடம் சொல்லிட்டுக் கேப்போம்" என்றாள் அஞ்சலை.

அவள் எழுதினாள். யானை குளிக்கிற அழகை முதலில் எழுதினாள். போன வாரம் சேறானது மன்னரின் சொந்தத் தலைப்பாகைதான் என்று அடுத்து எழுதினாள். மேற்குத் துறையில் ஆழம் அதிகம், யானைக்கு முதுகு நனையும் என்று எழுதினாள். கடைசி வரியில், கேட்பதைப் பளிச்சென்று வைத்தாள்: யானை மேற்குத் துறையில் குளிக்கட்டும்.

மறுநாளிலிருந்து யானை மேற்குத் துறைக்குப் போயிற்று. முதுகும் நனைந்தது.

அஞ்சலைக்கு ஒரே மகள், பூவாத்தா. எட்டு வயது. இருபத்தொரு வாத்து மேய்த்தாள். பொழுது சாயும் முன்னே ஏரிக்கரையில் நின்று "பா... பா... பா..." என்று கூப்பிட்டால், வாத்துகள் மட்டுமல்ல, சமையலில் இருக்கும் பெண்கள்கூட ஒரு நிமிடம் கரண்டியை நிறுத்துவார்கள். அப்படி ஒரு கணீர்க் குரல்.

இப்படி இருந்த ஊருக்குள் மதுரவாக்கன் என்ற மாயாவி வந்தான். கூட ஒரு கழுதை. கழுதை முதுகில் ஒரு பட்டுப் பை. பை காலிபோலத்தான் தொங்கியது, ஆனாலும் கழுதைக்கு மூச்சு முட்டியது.

மாயாவி சந்தைக்கு நடுவில் நின்று வாயைத் திறந்தான். அடடா, என்ன குரல்! பாகு காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் ஊர் அழகான ஊர் அல்லவா?"

"உம்!" என்றது ஊர்.

"அழகான ஊரில் இருப்பவர்களுக்குப் பெரிய மனசு அல்லவா?"

"உம்!"

"பெரிய மனசுள்ளவர்கள் வெயிலில் வந்தவனை வாட விடமாட்டார்கள் அல்லவா?"

"உம்!"

"ஆகவே, உங்கள் சாலை நிழலை எனக்குத் தருகிறீர்கள் அல்லவா?"

"உம்!"

அவ்வளவுதான். மரங்கள் அப்படியே நின்றன, நிழல் மட்டும் தரையிலிருந்து உரிந்து பைக்குள் போய்விட்டது. மரத்துக்குக் கீழேயும் வெயில் கொளுத்தியது. நாலாவது உம்மில்தான் அவன் மந்திரம் இருந்தது. கொடுப்பவர் வாயாலேயே உம் வாங்கிவிட்டால், எதுவானாலும் பைக்குள் போகும்.

எனக்கு எரிகிறது, கேளுங்கள். முதல் மூன்றும் சரி. ஊர் அழகானதுதான், மனசு பெரியதுதான், வந்தவனை வாட விடமாட்டார்கள்தான். ஆனால் அதற்கும் ஊர் நிழலைத் தூக்கிக் கொடுப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை! நடுவில் ஒரு 'ஆகவே'யைச் செருகினான், அத்தனை பேரும் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அஞ்சலை என்ன செய்தாள் தெரியுமா? தலையைக் குனிந்து எவருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததும் விழாததுமாக அவளும் உம் சொல்லிவிட்டாள். ஓலைமேல் வெயில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று நாள் போயிற்று. மாயாவி ஏரிக்கரைக்கு வந்தான். ஊரே கூடியது. இந்த முறை அஞ்சலை எழுத்தாணியைக் காதில் செருகிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

"பிள்ளைகள் உங்கள் உயிர் அல்லவா?"

"உம்!"

"பிள்ளை தண்ணீரில் விழுந்தால் பெற்ற வயிறு பதறும் அல்லவா?"

"உம்!"

"நல்ல பெற்றோர் ஆபத்தை வீட்டுப் பக்கத்தில் வைத்திருக்கமாட்டார்கள் அல்லவா?"

"உம்!"

அஞ்சலைக்குப் புரிந்துவிட்டது. மனு எழுதுகிற கை அல்லவா? இதுவும் மனுதான், ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத மனு. கிடைத்தால் யாருக்கு என்ன குறையும் என்பதை இவன் சொல்லவே இல்லை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"வாயை மூடுங்க, முட்டாப் பசங்களா!" என்று கத்தினாள். "இவன் திருடன்! ஏரியைத் தூக்கப் போறான்! மூளையே இல்லையா உங்களுக்கு?"

மாடத்தி சட்டென்று திரும்பினாள். "யாரை முட்டாள்ங்குற? உனக்கு நாலு எழுத்துத் தெரிஞ்சா நாங்கல்லாம் மடையங்களா?"

"பிள்ளைங்க மேல அக்கறையா ஒருத்தர் பேசுறாரு, இவளுக்குப் பொறுக்கலை" என்றார் இன்னொருவர்.

"ஆகவே," என்றான் மாயாவி, தேன் ஒழுக, "ஏரியை நான் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டுமா?"

"உம்!" அஞ்சலைமேல் இருந்த கடுப்பில் முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னார்கள். ஏரி பாய்போலச் சுருண்டு பைக்குள் போய்விட்டது. சேற்றில் மீன்கள் துள்ளின. இருபத்தொரு வாத்தும் நடுவில் நின்று முழித்தன.

அஞ்சலை சொன்னதில் ஒரு பொய் உண்டா? கிடையாது. ஆனால் 'முட்டாள் அரசே' என்று தொடங்கி அவள் ஒரு மனுவாவது எழுதியிருப்பாளா? அதுவும் கிடையாது. ராசாவுக்குப் பார்த்துப் பார்த்துச் சொல் பொறுக்கத் தெரிந்தவள், சொந்த ஊர்க்காரர்களிடம் மண்ணாங்கட்டியை அள்ளி வீசிவிட்டாள். பாதி வேலையை மாயாவி செய்தான், மீதியை அவள் செய்து கொடுத்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை நினைத்து அவளே பல்லைக் கடித்தாள்.

பூவாத்தா சும்மா இருக்கவில்லை. நேராக அரண்மனை வாசலில் போய் நின்றாள். "ஏரியைக் குடு! ஏரியைக் குடு! ஏரியைக் குடு!" மூன்று நாள். காலையில் தொடங்கினால் மாலை வரை. மன்னன் கீர்த்திவளவன் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான், பஞ்சையும் தாண்டிக் கேட்டது. அதற்குள் அரண்மனை விருந்தாளியாகிவிட்ட மாயாவி பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"அரசே, அரண்மனைக்கு அமைதி வேண்டும் அல்லவா?"

"உம்."

"பாவம் சிறுபிள்ளை, தொண்டை வலிக்கும் அல்லவா?"

"உம்."

"தாங்கள் இரக்கமுள்ளவர் அல்லவா?"

"உம்."

"ஆகவே, அந்தக் குரலை நான் வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா?"

"உம்" என்றான் மன்னன், தலையணையைச் சரிசெய்துகொண்டே.

வாசலில் 'ஏரியை' என்ற சொல்லோடு அந்தப் பிள்ளையின் குரல் நின்றுபோயிற்று. வாய் திறந்தது, மூடியது, சத்தம் இல்லை. ஓடிவந்து அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். தன் தொண்டையைக் காட்டினாள். அஞ்சலை அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் உட்கார்ந்து அழுதாள்.

பார்த்தீர்களா? ஒரு குழந்தையின் குரலைத் திருடினான், அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்தான்! கொடுத்தவனோ ஊரைக் காக்க வேண்டிய அரசன்! இது அநியாயம் அல்லவா? உம் சொல்லுங்கள். இன்னும் பலமாகச் சொல்லுங்கள்!

மறுநாள் நடுப்பகலில் மாயாவி அரண்மனையில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கழுதை வாசலில், பையோடு, வெயிலில் நின்றது. மரம் இருந்தது, நிழல்தான் இல்லையே. அஞ்சலை பார்த்தாள். தன் பானையில் இருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரை அதற்கு வைத்தாள்.

கழுதை குடித்துவிட்டு, "நன்றி அம்மணி. அடியேன் வித்தகப் பண்டிதன்" என்றது.

"பண்டிதரா? எப்படிச் சாமி இப்படி ஆனீங்க?"

"அவன் வந்தான். 'தாங்கள் கற்றவர் அல்லவா' என்றான். உம் சொன்னேன். 'கற்றவர்க்குப் பணிவு உண்டல்லவா' என்றான். உம் சொன்னேன். 'பணிவுள்ளவர் பிறர் சுமையைத் தாங்குவார் அல்லவா' என்றான். ஆகவே..." கழுதை காதைத் தொங்கப்போட்டது.

"இதுக்கு மாத்து இல்லையா?"

"மிகச் சுலபம். பைக்குப் பூட்டே கிடையாது. எது யார் உம்மால் போயிற்றோ, அவரே நாலு பேர் காதுபட 'இல்லை, தரமாட்டேன்' என்று சொன்னால் போதும். திரும்பிவிடும்."

அஞ்சலைக்கு வாய் பிளந்துவிட்டது. "இவ்வளவுதானா? அப்ப நீங்க ஏன் சொல்லலை?"

"அம்மணி, நான் பண்டிதன். ஏமாந்தேன் என்று நாலு பேர் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது? விரும்பித்தான் சுமக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்."

பண்டிதரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஏரியைக் கொடுத்த ஊர் என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? தொண்டை வறண்டு கிடந்தும், 'நல்லதுக்குத்தான் குடுத்தோம்' என்றது. ஏமாற்றியவனைவிட, ஏமாந்ததை எடுத்துச் சொல்பவர்மேல்தான் அவர்களுக்கு ஆத்திரம் வந்தது.

அஞ்சலை யோசித்தாள். தன் மூன்று கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். யாரிடம் கேட்கிறேன்? வெட்கப்படுகிறவர்களிடம். என்ன கேட்கிறேன்? ஒரே ஒரு இல்லை. கிடைத்தால் அவர்களுக்கு என்ன குறையும்? மானம் குறையும். "அப்ப மானத்துக்கு ஒரு எடம் சொல்லிட்டுக் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டு ஓலையை எடுத்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டினாள். பூவாத்தா தலையாட்டின வரி நின்றது, தலையாட்டாத வரியைச் சுரண்டினாள்.

வெள்ளிக்கிழமை மனு நாள். அரண்மனை முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. மன்னனுக்கு வலப்பக்கம் மாயாவி உட்கார்ந்திருந்தான். முற்றத்து ஓரத்தில் பையோடு கழுதை நின்றது. அஞ்சலை மகளின் கையைப் பிடித்து நடுவில் வந்து நின்றாள்.

"ஊர்ப் பெரியவங்களே, முதல்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஏரிக்கரையில உங்களை முட்டாள்னு சொன்னேன். தப்பு. நிழல் போச்சே, அதுக்கு நானும்தான் உம் சொன்னேன். பேச்சையே தொழிலா வெச்சிருக்கிற நானே ஏமாந்தேன். வந்தவங்களை மதிச்சு உம் சொல்ற ஊரு நம்ம ஊரு. அது குத்தம் இல்லை. அந்த நல்ல குணத்தைப் புடிச்சு ஏணியாக்கி ஏறினவன்தான் குத்தவாளி."

அன்றைக்குப்போல யாரும் முணுமுணுக்கவில்லை. அவள் மாயாவியின் பக்கம் திரும்பினாள். "நிழலுக்கு நான் சொன்ன உம்மைத் திருப்பி வாங்கிக்கிறேன். இல்லை, தரமாட்டேன்!"

பை லேசாக அசைந்தது. ஒரு முறம் அளவு நிழல் நழுவி வந்து அஞ்சலையின் காலடியில் விழுந்தது. அவ்வளவுதான் அவள் பங்கு. மகளை அந்த நிழலில் நிறுத்தினாள். ஊர் பார்த்தது. ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. வெட்கம் அப்படிப்பட்டது.

"இது என் மகளோட மனு" என்று அஞ்சலை ஓலையை நீட்டினாள். "அவளால பேச முடியாது, மகாராசா."

சட்டம் சட்டம்தானே? மன்னன் எழுந்து நின்றான். உரக்கப் படித்தான்.

"அரசே, வணக்கம். என் பெயர் பூவாத்தா. வயது எட்டு. என்னிடம் இருபத்தொரு வாத்துகள் இருக்கின்றன. பா... பா... பா... என்று நான் கூப்பிட்டால் அவை கரையேறும்." மன்னன் வாயால் பா பா என்றதும் யாரோ சிரித்தார்கள். மன்னன் தொடர்ந்தான். "நீங்கள் நல்லவர். மாடத்தி அத்தை கேட்டதும் யானையை மேற்குத் துறைக்கு மாற்றினீர்கள். என் சத்தம் உங்களுக்குத் தொந்தரவுதான். எல்லோருக்கும் தாகம் எடுக்குமே என்றுதான் கத்தினேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மன்னனின் குரல் கொஞ்சம் தணிந்தது.

"என் குரல் என்னுடையது. அதைக் கொடுக்கலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் உம் சொல்லவில்லை. அதைத் திருப்பித் தாருங்கள். தந்தால் உங்களுக்கு அமைதி கொஞ்சம் குறையும். தவறிவிட்டேன் என்று சொல்ல வேண்டியும் வரும். அதை நான் மறைக்கவில்லை. அரசே, இப்போது என் வாயாக நீங்கள்தான் பேசுகிறீர்கள். ஒரே ஒரு கேள்வி. ஒரு பிள்ளையின் குரலைக் கொடுத்துவிட்டு நீங்கள் அமைதியாக இருப்பது உங்களுக்குச் சரியாக இருக்கிறதா?"

ஓலை முடிந்துவிட்டது. கேள்வி மன்னன் வாயிலிருந்தே வந்திருந்தது, பதிலும் அங்கேயிருந்துதான் வர வேண்டும். மாயாவி குனிந்து, "உம் என்று சொல்லுங்கள் அரசே, வழக்கம்போல" என்று கிசுகிசுத்தான்.

மன்னன் நிழலில் நின்ற பிள்ளையைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

"இல்லை" என்றான் மன்னன். "சரியாக இல்லை. நான் தவறிவிட்டேன். இந்தப் பிள்ளையின் குரலைத் தரமாட்டேன்!"

பை தவளைபோலத் துள்ளியது. உள்ளேயிருந்து என்னவோ பாய்ந்து வந்தது. "...க் குடு!" என்று கத்தினாள் பூவாத்தா. நாலு நாளாகப் பாதியில் நின்ற பேச்சு!

மாயாவி விடுவானா? எழுந்து முற்றத்துக்கு வந்தான். பாகுக் குரலை எடுத்தான்.

"நல்லவர்களே! தவறாதவர் யாரும் இல்லை அல்லவா?"

"உம்" என்றது ஊர். பழக்கம், என்ன செய்வது?

"மன்னிப்பது பெருந்தன்மை அல்லவா?"

"உம்."

"பெருந்தன்மை இந்த ஊரின் பெருமை அல்லவா?"

"உம்."

"ஆகவே..."

"நாலு!" என்று ஒரு கணீர்க் குரல். பூவாத்தா நாலு விரலைத் தூக்கி நின்றாள். "அது நாலாவது! என்ன கேக்குறான்னு முழுசாக் கேட்டுட்டு வாயைத் திறங்க!"

"ஆகவே, இந்தப் பையோடு என்னைப் போக விடுகிறீர்கள் அல்லவா?"

ஒரு உம்கூட வரவில்லை. அவன் காத்திருந்தான். திரும்பக் கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது பாகு வற்றி, சளி பிடித்தவன் குரல் மாதிரி கரகரத்தது.

"கொடுத்தா யாருக்கு என்ன குறையும்னு நீ சொல்லவே இல்லையே?" என்று மாடத்தி முன்னால் வந்தாள். "எனக்கு ஏரி குறையும். இல்லை, தரமாட்டேன்!"

"இல்லை, சுமக்கமாட்டேன்!" என்று கழுதை கத்தியது. அடுத்த நொடி அங்கே ஒரு குள்ளமான பண்டிதர் கூச்சத்தோடு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? இல்லை, இல்லை, இல்லை என்று முற்றம் அதிர்ந்தது. நிழல்கள் பறந்து போய்த் தம்தம் மரத்தடியில் படுத்துக்கொண்டன. ஏரி உருண்டு போய்த் தன் இடத்தில் விரிந்தது. இருபத்தொரு வாத்தும் தொப்தொப்பென்று தண்ணீரில் குதித்தன.

மந்திரி கைகூப்பினார். "அரசே, இனி இந்த நாட்டில் யாரும் அழகாகப் பேசக் கூடாது என்று சட்டம் போட்டுவிடலாம்."

"எதுக்குங்க?" என்று அஞ்சலை சீறினாள். "இன்னைக்கு நானும்தான் அழகாப் பேசினேன். நானும் முதல்ல புகழ்ந்தேன், நானும் கேள்வி கேட்டேன். ஆனா என்ன கேக்குறேன்னு மறைக்கலை. யாருக்கு என்ன குறையும்னும் சொன்னேன். பேச்சைத் தடுத்தா திருடனுக்கு ஒண்ணும் ஆகாது, எங்க வாயிலதான் மண்ணு விழும். அதுக்குப் பதிலா எல்லாப் பிள்ளைங்களுக்கும் இந்தப் பேச்சு எப்படி வேலை செய்யுதுன்னு கத்துக்குடுங்க."

மன்னன் உம் சொல்ல வாயெடுத்தான். நிறுத்தினான். விரல்விட்டு எண்ணினான். அப்புறம் நிதானமாக, "உம்" என்றான்.

பண்டிதரும் அஞ்சலையும் சேர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். ஊர் இன்றைக்கும் உம் கொட்டுகிறது, ஆனால் 'ஆகவே' என்று யாராவது சொன்னால் எல்லோரும் ஒரு மூச்சு நிறுத்திக்கொள்கிறார்கள். மாயாவியா? பூவரச மரத்தடிக்கு மனு எழுதச்சொல்லி வந்தான். அஞ்சலை மூன்று கேள்வி கேட்டாள். இரண்டுக்குப் பதில் சொன்னான். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் இன்னும் வரிசையில் நிற்கிறான்.

கதை முடிந்தது. பிள்ளைக்குக் குரல் திரும்பியது சந்தோஷம் அல்லவா? உம் சொல்லுங்கள். நல்லது. தொண்டை கிழிய இவ்வளவு நேரம் சொன்ன எனக்குப் பசிக்கும் அல்லவா?

ஆகவே, தட்டில் மிச்சமிருக்கிற அந்த அதிரசத்தை நான் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

என்ன, ஒருவரும் பேசவில்லை? யாரங்கே நாலு விரலைத் தூக்குவது?

அப்படி வாருங்கள் வழிக்கு! எடுங்கள், ஆளுக்கொரு துண்டாகப் பிட்டுக்கொள்ளுங்கள்.